கரிச்சானை எழுதுவது யார்?

குளச்சல்
9 மே 2025

அஞ்சுகம் அவர்களுக்கு,

வணக்கம். அக்கா என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் பெயரைப் போட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது பதினாறாம் நாள் காரியம் வரை ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு வார்த்தைகூட நீங்கள் என்னிடம் பேசவில்லை. எனவே நலம் விசாரிக்க இதை எழுதவில்லை.

"படக்கட்டம்" மே மாத இதழில் உங்கள் விமர்சனத்தைப் படித்தேன். பதினோரு வருடமாக மாதம் தவறாமல் படித்து வருகிறேன். படித்த கையோடு அதை என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைப்பதும் என் வேலைதான். அவர் எழுதும் "கரிச்சான்" படக்கதையின் 96ஆம் இதழுக்கு, "இந்த முப்பத்திரண்டு பக்கத்தில் உறுதியாக இருப்பது நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் மட்டுமே" என்று எழுதினீர்கள். 131க்கு, "சூப்பர் ஹீரோவுக்குச் சக்தி இருந்து என்ன பயன், எழுதுகிறவருக்கு இல்லையே" என்றீர்கள். அது எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிட்டது, மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது 172க்கு இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "கரிச்சான் முதல் தடவையாக மனிதன் மாதிரி பேசுகிறான். இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வருடம் வந்த தமிழ் சூப்பர் ஹீரோ இதழ்களில் இதுவே முதல் வரிசை."

என்ன விஷயம்? நீங்கள் காரணமில்லாமல் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை. என்னை வைத்து ஏதாவது கணக்குப் போடுகிறீர்களா? யாராவது ஏதாவது சொன்னார்களா? வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. பத்திரிகையில் போட்டிருந்த முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தையல்நாயகி


தருமபுரம், காரைக்கால்
17 மே 2025

தையல்நாயகிக்கு,

"அவர்களுக்கு" என்று பார்த்ததும் மின்துறையிலிருந்து வந்த ஓலையோ என்று பயந்துபோனேன். நல்ல மரியாதை. எங்கே கற்றுக்கொண்டாய்?

திட்டினால் ஏன் திட்டினாய் என்று கேட்டு எழுத்தாளர்கள் எனக்கு எழுதுவார்கள். "தாமிரப்பெண்" ஆசிரியர் எட்டுப் பக்கம் எழுதினார். புகழ்ந்ததற்குச் சண்டை போட்டு வந்த முதல் கடிதம் உன்னுடையதுதான். அதிலேயே எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். இப்போதும் கீழவாஞ்சூரில் அதே எடைமேடை அலுவலகத்தில்தான் இருக்கிறேன். நிலக்கரி லாரி ஏறும், எடை பார்ப்பேன், சீட்டு கிழிப்பேன், அடுத்த லாரி. இடையில் கிடைக்கிற நேரத்தில்தான் விமர்சனத்துக்கு வருகிற இதழ்களைப் படிப்பது. "ஏழு நிழல்" 31ஐ நாலு லாரியில் முடித்தேன், அவ்வளவுதான் அதில் சரக்கு. 172ஐப் படிக்கும்போது மேடையில் லாரி நிற்பதே தெரியவில்லை. டிரைவர் இறங்கி வந்து, "அக்கா, கரி ஏத்திக்கிட்டு வந்தேன், பஞ்சு இல்லக்கா, கொஞ்சம் பாருங்க" என்று கத்தினான். நன்றாக இருந்தது, நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். என் கணக்கு அவ்வளவே.

ஆனால் எழுதி அனுப்பிய பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. உன் வீட்டுக்காரரை முதல் இதழிலிருந்து படிக்கிறேன். அவருக்குச் சண்டை வரும், தத்துவம் வரும், சிரிப்பு வராது. பெண்கள் வந்தால் அழுவார்கள் அல்லது கடத்தப்படுவார்கள். 172ல் கரிச்சானுக்குத் திடீரென்று குணவதி என்று ஓர் அக்கா முளைத்திருக்கிறாள். கடத்த வந்தவனையே உட்காரவைத்து வைகிறாள். அவருக்கு இது எங்கிருந்து வந்தது?

அதைவிடப் பெரிய விஷயம் 14ஆம் பக்கம். கதை நடக்கிற செங்கடவு மேற்குக் கரைத் துறைமுகம். உன் வீட்டுக்காரர் தன் ஊரை வைத்தே அதைக் கட்டினார். பதினைந்து வருடமாக அங்கே சூரியன் கடலில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 172ல் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. "விடிந்தது. அலைக்கு மேலே சிவப்பாக ஒரு விளிம்பு" என்று கட்டத்துக்கு மேலே எழுத்து வேறு. குளச்சலில் பிறந்தவன் தூக்கத்தில்கூட அப்படி எழுதமாட்டான். கிழக்குக் கரைக்காரர்கள்தான் எழுதுவார்கள்.

எனவே கேட்கிறேன். இதை எழுதுவது யார்? காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்து ஆள் யாரையாவது வைத்து எழுதி வாங்கி உன் வீட்டுக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறாரா? இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் நான் அவருக்கு எழுதிய கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அரைத்துக்கொண்டிருக்கிறாரா? கரிச்சானுக்கு ஓர் அக்கா வேண்டும் என்று நான்தான் எழுதியிருந்தேன்.

போன் நம்பர் தரமாட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு நம்பத் தோன்றும். எழுத்தில் நீ பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எழுது.

அஞ்சுகம்


குளச்சல்
26 மே 2025

அஞ்சுகம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது.

எழுதுவது அவர்தான். வேறு யார் எழுதுவார்கள்? மனிதனுக்கு ஐம்பது வயதில் கொஞ்சம் சிரிப்பு வரக்கூடாதா? சூரியன் விஷயம் ஓவியர் செய்த தவறு. அவர் சேலத்தில் இருக்கிறார். கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம். கடல் என்றால் சூரியனையும் சேர்த்துப் போட்டுவிடுவார்.

உங்கள் கடிதங்கள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவற்றை அரைக்க முடியாது. நான்கு வருடம் அவருக்கு நீங்கள் எழுதியதெல்லாம் எந்தப் பக்கத்தில் எது சரியில்லை என்பதுதான். தபாலில் சேர்த்தது நான். ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் படித்திருக்கிறேன், இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஒன்றிலாவது உங்களைப் பிடிக்கும் என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன்.

மாங்கனித் திருவிழாவுக்கு அவர் நம் வீட்டுக்கு வந்தார். மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தைப் பிடிக்கத் தெரியாமல் நெற்றியில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். நீங்கள் வீக்கத்தைப் பார்க்காமல், 47ஆம் இதழில் கட்டங்கள் ஏன் சாய்ந்திருக்கின்றன என்று கேட்டீர்கள். நான்தான் ஐஸ்கட்டி வைத்தேன். அவ்வளவு நேரமும் அவர் உங்களுக்குப் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு அவர் என்னைக் கேட்டார், நான் சரி என்றேன். நீங்கள் உள்ளே என்ன நினைத்திருந்தீர்கள் என்று ஒரு நாளாவது என்னிடம் சொன்னீர்களா? சொல்லாததை நான் திருடிவிட்டேன் என்று பதினோரு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

இதற்கு மேல் துருவவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தையல்நாயகி


தருமபுரம்
5 ஜூன் 2025

தையல்நாயகிக்கு,

திருவிழாவைப் பற்றி இப்போது பேசப்போவதில்லை. அது வேறு வழக்கு.

ஓவியர் தவறு என்றாய். அவர் போன் நம்பர் "படக்கட்டம்" அலுவலகத்தில் கிடைத்தது. கூப்பிட்டேன். "மேடம், ஸ்கிரிப்ட்ல எழுதியிருந்ததத்தான் வரைஞ்சேன். சூரியன் கடல்லேருந்து பாதி வெளிய வரணும்னு போட்டிருந்தாங்க" என்றார். "போட்டிருந்தாங்க" என்றது யாரை என்று கேட்டேன். தடுமாறி, "ரஞ்சித்குமார் சார்தான்" என்று உன் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். முன்பெல்லாம் சாரே போனில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விளக்குவாராம். ஏழெட்டு மாதமாக ஒரு போன்கூட இல்லையாம். ஸ்கிரிப்ட் மட்டும் மெயிலில் வருகிறதாம்.

ஜூன் இதழ் 173ஐயும் படித்துவிட்டேன். 9ஆம் பக்கத்தில் கரிச்சான் கரையில் வந்து இறங்கி, ஆட்கள் எங்கே என்று கேட்கிறான். மீன்காரப் பெண் சொல்கிறாள்: "எல்லாரும் கிழக்க போயிருக்காங்க தம்பி, விடிஞ்சுதான் வருவாங்க." நம் காரைக்கால்மேட்டுக் கடற்கரையில் போய் நின்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். நமக்குக் கிழக்கே என்றால் கடல். அப்பாவின் வயல் தண்ணீர் வடிந்து போனதும் அந்தப் பக்கம்தான். உன் வீட்டுக்காரர் ஊரில் கிழக்கே போனால் மலை. மீன் பிடிக்க மலைக்கா போனார்கள்? இதுவும் ஓவியர் தவறா?

ஒன்றை மட்டும் மறைக்கவேண்டாம் என்று சொல்கிறேன். கரிச்சானைப் பதிப்பிக்கிற மதுரை பீர் மைதீன் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அஞ்சுகம்


குளச்சல்
11 ஜூன் 2025

பீர் மைதீன் என்ன எழுதினார்? ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். உங்களுக்கு ஏன் எழுதினார்? பதில் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

தையல்


தருமபுரம்
14 ஜூன் 2025

தையலுக்கு,

அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அம்மா, ரஞ்சித்குமாரை நேரில் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. போனை எப்போதும் அவர் மனைவிதான் எடுக்கிறார். குளிக்கிறார், தூங்குகிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார் என்கிறார். கோயிலுக்கே போகாத மனிதர் அவர். கதை மட்டும் தேதி தவறாமல் வருகிறது. முன்பு தேதி தவறாமல் வந்ததே இல்லை. எங்கள் ஒப்பந்தப்படி கரிச்சான் என்ற பாத்திரம் பதிப்பகத்துடையது. அவர் எழுத முடியாமல் போனால் வேறு எழுத்தாளரிடம் கொடுக்கவேண்டும். பெங்களூரில் ஒருவர் தயாராக இருக்கிறார். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அவர் எழுத்தை உங்களைப்போல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவர் யாரும் இல்லை. நீங்களே திடீரென்று புகழ்ந்ததும் என் சந்தேகம் அதிகமாகிவிட்டது. அடுத்த இதழ் 174 வந்ததும் பார்த்துச் சொல்லுங்கள். எழுதுவது அவர்தானா? உங்கள் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்வேன்."

இதுதான் கடிதம். என் புகழ்ச்சியே உங்களுக்கு வினையாக வந்திருக்கிறது. பதில் இன்னும் போடவில்லை.

எட்டு மாதமாக உன் வீட்டுக்காரர் எங்கே? ஓடிப்போய்விட்டாரா? உன்னை விட்டுவிட்டு வேறு எங்காவது இருக்கிறாரா? நீ யாரை வைத்து ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய்? உண்மையைச் சொன்னால் யோசிக்கிறேன். சொல்லாவிட்டால் என் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதிப்போடுவேன்.

அஞ்சுகம்


குளச்சல்
22 ஜூன் 2025

அக்காவுக்கு,

எங்கும் ஓடவில்லை. பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.

போன நவம்பரில் காலையில் பல் தேய்க்கப் போனவர் கீழே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை. கால் இப்போது கொஞ்சம் தேவலை, பிடித்துக்கொண்டு நடக்கிறார். கையும் பேச்சும் திரும்பவில்லை. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது. ஆனால் எழுதவோ படிக்கவோ முடியவில்லை. வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. "இல்ல." காப்பி வேண்டுமா என்றால் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுகிறார். வலிக்கிறதா என்றாலும் "இல்ல", வலிக்கவில்லையா என்றாலும் "இல்ல". டாக்டர், "அதுக்கு அர்த்தம் எடுத்துக்காதீங்கம்மா, அவருக்கு வாயில வர்றது அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டிசம்பர் இதழுக்கான தேதி நெருங்கியது. முடித்து வைத்திருந்த ஒன்றை அனுப்பினேன். ஜனவரி இதழ் 168க்குப் பாதிதான் இருந்தது. மீதியை நான் எழுதினேன். கண்டுபிடிக்கிற வரைக்கும் பார்ப்போம் என்றுதான் எழுதினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. 169லிருந்து முழுவதும் நான்தான். காரைக்காலில் ஆள் வைத்து எழுதுகிறார்களா என்று கேட்டாயே, காரைக்கால்காரிதான். கூலி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு இதழையும் எழுதி முடித்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் படித்துக் காட்டுவேன். 172ஐப் படிக்கும்போது சூரியன் கடலிலிருந்து எழும்புகிற இடத்தில் அவர் "இல்ல" என்றார். மறுபடி படித்தேன். "இல்ல, இல்ல, இல்ல" என்று மேசையைத் தட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது, எட்டு மாதத்தில் அந்த ஒரு தடவை அவர் சரியான இடத்தில் சரியான வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை. அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன் அக்கா. பதினோரு வருடமாக மேற்குக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் சூரியன் காரைக்கால்மேட்டில்தான் வருகிறது.

பீர் மைதீன் நல்லவர். ஆனால் தெரிந்தால் ஒப்பந்தப்படிதான் செய்வார். கரிச்சானைப் பெங்களூருக்குக் கொடுத்துவிட்டால் இந்த மனிதர் காலையில் எழுந்து உட்கார ஒரு காரணமும் இருக்காது. மாதம் ஒரு தடவை நான் படித்துக் காட்டும்போதுதான் முகத்தில் பழைய களை வருகிறது.

அவருக்காகத்தான் ஆரம்பித்தேன். இன்றைக்கு அப்படிச் சொன்னால் பொய். எனக்கே எழுதப் பிடித்துவிட்டது. காலையில் சோறு வடிக்கும்போதே கரிச்சான் தலைக்குள் பேச ஆரம்பித்துவிடுகிறான். அதைப் பிடுங்கிவிடாதே.

உன் பழைய கடிதங்களிலிருந்து எதையும் எடுக்கவில்லை. குணவதியை வேறு எங்கேயும் தேடிப் போகவில்லை. அவள் நீதான். கண்ணை மூடினால் வைகிற சத்தம் கேட்கிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

உன் தங்கை,
தையல்


தருமபுரம்
8 ஜூலை 2025

தையலுக்கு,

கடிதத்தை ஆறு தடவை படித்தேன். முதல் இரண்டு தடவை நம்பவில்லை. அனுதாபத்தைக் கிளப்பி என் வாயை மூடப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் எடைமேடையில் இருக்கிறவளுக்கு லாரியில் கரிக்கு நடுவே கல்லை ஒளித்திருந்தாலும் கண் அங்கேதான் போகும், என் புத்தி அப்படி ஆகிவிட்டது. மூன்றாவது தடவை தண்ணீர் கொடுத்த இடத்தில் நின்றுவிட்டேன். அதை யாராலும் கற்பனையில் எழுத முடியாது.

எனக்கு ஏன் நவம்பரிலேயே தெரிவிக்கவில்லை? தெரிவித்திருந்தால் வந்திருப்பேனா என்று நீ கேட்பாய். தெரியாது. அதை நினைத்துத்தான் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன், நீ வருத்தப்பட்டாலும் சரி. நான் விமர்சனத்தில் இதுவரை பொய் எழுதியதில்லை. "அணுக்காளை" எழுதியவர் என் கூடப் படித்தவர், அழாத குறையாகக் கேட்டார், எழுதவில்லை. அம்மா செத்த மாதம் கூடத் தேதிக்குள் உண்மையை எழுதி அனுப்பினேன். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பீர் மைதீன் என் சொல்லை நம்புவது அதனால்தான். நீ என்னிடம் கேட்பது அதை.

174 தாமதமாக நேற்றுதான் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. நாளை மறுநாள் மாம்பழம் இறைக்கும் நாள், லாரிகள் குறைவு. அன்றைக்குப் படிப்பேன். நான் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அவருக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறாயா? உப்பைக் குறை. உனக்கு எதிலும் உப்பு ஜாஸ்தி.

அக்கா


குளச்சல்
6 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

ஆகஸ்ட் "படக்கட்டம்" வந்தது. உன் விமர்சனத்தை வாசலிலேயே நின்று படித்தேன்.

"கரிச்சான் 174 பழைய குழிக்கே திரும்பிவிட்டது. தொட்டதையெல்லாம் எடையில்லாமல் ஆக்கும் நாயகன் இந்த இதழில் சக்தியை இழக்கிறான். அத்தோடு எழுத்தாளரும் இழந்துவிட்டார். எட்டுப் பக்கம் வசனமே இல்லாமல் ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு இறங்குகிறான். வாசகர்களும் கூடவே இறங்கவேண்டியிருக்கிறது. இரண்டு மாதம் நான் ஏமாந்துபோய்ப் புகழ்ந்ததற்கு வாசகர்கள் மன்னிக்கவும். ரஞ்சித்குமாரின் முத்திரை ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கிறது. அதே தத்துவச் சுமை, அதே மூச்சிரைப்பு. நூறு அடி தள்ளி நின்று பார்த்தாலும் இவர் கைதான் என்று சொல்லிவிடலாம்."

அந்த எட்டுப் பக்கத்தை எழுத எனக்கு இருபது நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடாத அன்று நான் அவரை மூன்று மாடி இறக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மூச்சு வாங்கினோம். அதைத்தான் எழுதினேன். உன்னிடம் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, சரியாக அதே இடத்தில் ஏறி மிதித்திருக்கிறாய். உனக்கு மனது ஆறவே ஆறாதா? அவர் நெற்றியில் ஐஸ்கட்டி வைத்ததற்கு இன்னும் எத்தனை வருடம் என்னை அடிப்பாய்?

எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் பீர் மைதீன் போன் செய்தார். பயந்துகொண்டே எடுத்தேன். சிரித்துக்கொண்டு பேசினார். "என்னம்மா, அஞ்சுகம் அம்மா சாரைப் பழையபடி வறுத்து எடுத்துட்டாங்களே, பாத்தீங்களா? கவலைப்படாதீங்க. எனக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்கு. சாரு மெதுவா எழுதட்டும், அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பெங்களூர் பேச்சையே எடுக்கவில்லை.

நீ அவருக்கு என்ன எழுதினாய்? எனக்குப் புரியவில்லை. எதை நம்புவது என்றும் தெரியவில்லை.

தையல்


தருமபுரம்
14 ஆகஸ்ட் 2025

என் தையலுக்கு,

பீர் மைதீனுக்கு நான் எழுதியது ஒரே வரி. "ஆகஸ்ட் மாத விமர்சனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை."

நான் புகழ்ந்ததால்தானே அவருக்குச் சந்தேகம் வந்தது. அஞ்சுகம் அடித்தால் அது ரஞ்சித்குமார் என்று ஊருக்கே தெரியும். உனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். பீர் மைதீன் போன் செய்யும்போது உன் குரலில் உண்மையான கோபம் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் சொல்லவில்லை. என் புத்தி அப்படித்தான் போகும்.

அந்த விமர்சனத்தை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. ஒவ்வொரு வரியும் பொய். இருபது வருடத்தில் முதல் தடவை. அனுப்பிவிட்டு வந்து ஜுரம் கண்டவள் மாதிரி படுத்துக்கொண்டேன். அதோடு முடியவில்லை, இனி மாதாமாதம் இதைச் செய்யவேண்டும். அச்சில் எவ்வளவு மோசமாகத் திட்டியிருக்கிறேனோ, அவ்வளவு நன்றாக இருந்தது என்று நீ புரிந்துகொள். "படக்கட்ட"த்தை டிரம்முக்குப் பின்னால் வைக்காதே. அவருக்குப் படித்துக் காட்டு. நான் திட்டுவது நின்றுபோனால்தான் அவர் பயப்படுவார்.

அவர் "இல்ல" என்று சொல்லும்போது தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பார்.

ஞாயிறு காலை நாகர்கோவில் வருகிற வண்டியில் டிக்கெட் எடுத்திருக்கிறேன். ஒரு வாரம் லீவு. உன்னிடம் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே, பாதிதான் போயிருக்கிறது. மீதியை நேரில் திட்டித் தீர்த்துக்கொள்கிறேன். உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

174க்கு நான் எழுதவேண்டிய விமர்சனத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒரே பிரதிதான்.

கரிச்சான், இதழ் 174. முப்பத்திரண்டு பக்கம்.

இந்த மாதம் வந்த நான்கு சூப்பர் ஹீரோ இதழ்களில் மூன்று பேர் நகரத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஒருவன் மட்டும் ஒரு கிழவரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு இறங்குகிறான். அவனுக்குச் சக்தி போய்விட்டது, முதல் தடவையாக ஒரு மனிதனின் எடை அவனுக்குத் தெரிகிறது. எட்டுப் பக்கம். வசனம் இல்லை. மூன்றாம் மாடியில் இருவரும் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்கள், அதற்கு ஒரு முழுப் பக்கம். நான் பகல் முழுவதும் எடை பார்க்கிறவள். எனக்கு இத்தனை நாள் எடை என்றால் என்னவென்று தெரிந்திருக்கவில்லை. மாம்பழம் இறைத்த அன்று வெளியே ஊரே கத்திக்கொண்டிருந்தது, நான் அலுவலகத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கங்களைப் பார்த்து அழுதேன்.

குறைகள் உண்டு. 22ஆம் பக்கத்தில் வில்லன் பேசியது அதிகம். கடைசிக் கட்டத்துக்கு மேலே உள்ள வரி தேவையில்லை, படமே சொல்லிவிட்டது. அதை அடுத்த தடவை கவனிக்கவேண்டும்.

பதினைந்து வருடமாக இந்தத் தொடரைப் படிக்கிறேன். இதுதான் சிறந்த இதழ். எழுதியது என் தங்கை.